கடித்துப் பார்க்காத மெழுகு

ஸோசே அந்த மெழுகுதிரியைக் கையில் கொடுக்கவில்லை. சந்தைக் கடையின் மேசைமேல் போட்டாள். அடுக்கி வைத்திருந்த திரிகளில் இடித்து உருண்டு வந்து பெனெதிக்தாவின் தராசுக்குப் பக்கத்தில் அது நின்றது. பாதி எரிந்த திரி. தலை கரிபிடித்து, நடுவில் வளைந்திருந்தது.

"உன் வீட்டுத் திரிதானே இது? பேர் போட்டிருக்கு, நல்லாப் பாரு."

போட்டுத்தான் இருந்தது. அடியில் சுற்றிய காகிதப் பட்டையில் 'கார்வேலிஸ் வீட்டுத் திரி, சுத்தமான தேன்மெழுகு' என்ற எழுத்துகள் புகை படிந்தும் தெரிந்தன. கார்வேலிஸ் என்பது பெனெதிக்தாவின் பிறந்த வீட்டுப் பெயர். கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும் அவள் திரியில் வேறு பெயர் போட்டதில்லை. கணவன் லியோனாஸ் ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

"என் திரிதான். அதுக்கு என்ன?"

"என்னவா? மார்செலே உசுரு போறப்ப அவ கையில புடிச்சது இதுதான். நான் பக்கத்துல முட்டி போட்டு ஜெபம் சொல்லிட்டிருந்தேன். கரும்புகையாக் கக்குச்சு. பாவி மக, கடைசி மூச்சையும் இருமியே தீர்த்தா. அப்புறம் சடசடன்னு அணைஞ்சு போச்சு. மறுபடி பத்த வைக்கறதுக்குள்ள அவ போயிட்டா. மந்திரிச்ச திரி கையில இருந்தும் இருட்டுல போனா, பெனெதிக்தா."

பக்கத்துக் கடையில் புகையிட்ட மீனை நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டார்.

"ஜன்னலைத் திறந்து வச்சிருப்பீங்க."

"ஏப்ரல் குளிர்ல எவ ஜன்னலைத் திறப்பா? ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? கார்வேலிஸ் பொண்ணுக்குத் தோட்டத்து வீடு வாங்கற அவசரம், மெழுகுல எதையோ கலக்கறான்னு. ஞாயித்துக்கிழமை மார்செலேவோட மாச நினைவுப் பூசைக்கு வருவல்ல? அங்க வந்து எல்லாருக்கும் பதில் சொல்லு."

பெனெதிக்தா அந்தத் திரியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். முதுகு வளையாமல் மாலைவரை நின்று வியாபாரம் பார்த்தாள். அன்று அதிகம் விற்கவில்லை.

பிப்ரவரியில் மாதா திருநாளன்று கோயிலில் மந்திரித்து வாங்கும் திரி அந்த நாட்டில் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். இடி இடித்தால் ஜன்னலில் ஏற்றுவார்கள். உயிர் பிரியும்போது கையில் கொடுப்பார்கள். அந்தத் திரி தேன்மெழுகாக இருக்க வேண்டும், அதில் கலப்படம் செய்கிறவள் சாகிறவரை ஏமாற்றுகிறாள். இதற்குமேல் ஒரு குடும்பத்துக்கு என்ன அவமானம் வர முடியும்?

அலீத்துஸ் நகரத்து அடுக்குமாடி வீட்டில் லியோனாஸ் உருளைக்கிழங்கு அடையைச் சுட்டு மூடி வைத்திருந்தான். சமையலறைச் சுவரில் அவன் வரைந்த பெரிய வரைபடம் ஒட்டியிருந்தது. மார்செலேவின் கணவர் பல்திரூஸின் தோட்டத்து வீடு அது. கிணறு, நீராவிக் குளியல் அறை, உருளைக்கிழங்குப் பாத்தி, ஆப்பிள் மரங்கள், அவற்றின் கீழே தேன்பெட்டிகள். மாட்டுத்தொழுவம் இருந்த இடத்தில் மெழுகு உருக்கும் அறை. கார் கொட்டகையில் குனிந்து குனிந்து திரி தோய்த்த இருவருக்கும் அந்த அறைக்கு நான்கு ஜன்னல் வேண்டும் என்று ஆசை. மனைவியை இழந்த பல்திரூஸ் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போகப் போகிறார். குளிர்காலத்திலேயே மார்செலேவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டை இவர்களுக்கே தருவதாகக் கைகொடுத்துச் சொல்லியிருந்தார். கூடவே தேனீக்களும் வரும்.

தேனீக்களுக்கு அங்கே யாரும் விலை பேச மாட்டார்கள். ஒரு வீட்டு ஈக்கூட்டம் இன்னொரு வீட்டுக்குப் போனால், அந்த இரண்டு வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி. அதன்பிறகு சம்பந்தி என்றுதான் கூப்பிட வேண்டும். சம்பந்தி வீட்டோடு சண்டை கூடாது, சந்தேகம் கூடாது. பல்திரூஸின் அப்பா பெனெதிக்தாவின் அப்பாவுக்கு ஒரு கூட்டத்தைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து அப்படித்தான். கார்வேலிஸ் வீட்டார் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து, தேனீ இல்லாமல் போன பிறகும், மந்திரிக்கும் திரிக்கு மெழுகு அந்த வீட்டிலிருந்துதான் வந்தது.

பெனெதிக்தா கைக்குட்டையை அவிழ்த்துத் திரியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உருக்கறது நீ. அண்டாவுல என்ன போட்ட?"

லியோனாஸ் கரண்டியைக் கீழே வைத்தான். "என்ன கேள்வி இது, பெனெ?"

"சீக்கிரம் முடியணும்னு பாரஃபின் கட்டியப் போட்டியா? வீட்டு ஆசை உனக்குத்தான் அதிகம். சுவத்துல படம் வரைஞ்சவன் நீதானே."

அவன் எழுந்து கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அங்கே போன வருடத்துத் திரியும் இந்த வருடத்துத் திரியும் தனித்தனிப் பெட்டிகளில் மிச்சமிருந்தன. இரண்டையும் விளக்குக்குக் கீழே பிடித்தான். நல்ல தேன்மெழுகு குளிரில் கிடந்தால் திராட்சைத் தோலில் படிவதுபோல வெள்ளையாய் ஒரு பொடி பூக்கும். பழைய திரியில் பூத்திருந்தது. புதியது பளபளவென்று இருந்தது.

"இந்த வருஷம் பனி கம்மி. அதான் பூக்கலைன்னு நெனச்சேன்" என்றாள் பெனெதிக்தா.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நாம ரெண்டு பேரும் அப்படியே நெனச்சுக்கிட்டோம்." பல்திரூஸ் கொடுத்த சாக்கிலிருந்து மிச்சக் கட்டி ஒன்றை எடுத்து நீட்டினான். "அண்டாவுல போனது இது மட்டும்தான். கடிச்சுப் பாரு."

மற்றவர்களிடம் வாங்கும் மெழுகைப் பெனெதிக்தா கடிக்காமல் எடுத்துக்கொள்ள மாட்டாள். கடிவாய்க்காரி என்று வியாபாரிகள் அவளுக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். நல்ல மெழுகு பல்லுக்கடியில் குழையும், கலப்படம் பொடியும். ஆனால் பல்திரூஸ் வீட்டுக் கட்டியை அவள் அப்பா கடித்ததில்லை, அவளும் கடித்ததில்லை.

"சம்பந்தி வீட்டு மெழுகை நான் கடிக்கறதா? நீ பண்ணினதை மறைக்க அந்த மனுஷன் தலையில போடறியா?"

"முப்பத்தெட்டு வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினவன் வார்த்தையை நீ கடிச்சுப் பாக்கலாம். அவன் மெழுகைக் கடிக்கக் கூடாது. நல்ல நியாயம்டீ."

அவன் அன்று சாப்பிடவில்லை. அடை ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் பல்திரூஸின் வீட்டுக்கு நடந்தார்கள். பெண்கள் சமையலறைக்குள் போனார்கள். பெனெதிக்தா மட்டும் வீட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். தான் வாழப்போகிற இடத்தை ஒருமுறை தனியாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஆப்பிள் மரங்கள் கிளை தெரியாமல் பூத்திருந்தன. வெயில் நன்றாக அடித்தது, காற்றில்லை. இப்படி ஒரு நாளில் அந்த மரத்தடியில் நின்றால் தலைக்குமேல் கோயில் ஆர்கன் வாசிப்பதுபோல இரைச்சல் கேட்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்குள் யாரோ தட்டு அடுக்குவது அவ்வளவு தூரத்துக்கும் தெளிவாகக் கேட்டது.

அவள் முதல் தேன்பெட்டியின்மேல் விரல் மடக்கித் தட்டிக் காதை வைத்தாள். இரண்டாவதிலும் வைத்தாள். கடைசிப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே அந்துப்பூச்சி நூலும் கறுத்த துகளும் இருந்தன.

"மூடிடுங்க, சம்பந்தி."

பல்திரூஸ் பின்னால் நின்றார். துக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டு அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது.

"எப்ப?"

"போன ஆகஸ்டுல ஆரம்பிச்சுது. ஒவ்வொண்ணா விழுந்துச்சு. மார்செலேவைப் பாக்கறதா, ஈயைப் பாக்கறதா? தேனடையெல்லாம் பூச்சி தின்னுடுச்சு. மிஞ்சினதை உருக்கினா உங்க சாக்குல பாதி கூட நிறையலை."

"மீதிப் பாதி?"

"ஒருத்தன் வண்டியில கொண்டாந்தான். மெழுகுன்னான். நான் மேல கேக்கலை."

"கேக்கலையா, கேக்க வேணாம்னு விட்டீங்களா?"

அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் மெழுகு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற எங்கயாவது பாத்திருப்பேனே?"

"எப்படிச் சொல்றது? ஈ செத்த வீட்டை ஊர் என்ன சொல்லும்னு உங்களுக்குத் தெரியாதா? சண்டைக்கார வீடும்பாங்க, பொறாமைக்கார வீடும்பாங்க. எங்க அப்பா காலத்துலருந்து உங்க சாக்கு குறைஞ்சதே இல்லை. என் கையில குறையணுமா?"

"அதையே மார்செலே கையில குடுத்தீங்க."

"வீட்ல வேற திரி இல்லை." அவர் குரல் தாழ்ந்தது. "நல்லா எரியணும்னு வேண்டிக்கிட்டுத்தான் பத்த வச்சேன். அவ பட்டையில பேரைப் படிச்சா. பெனெதிக்தா திரியான்னு முத்தம் குடுத்தா."

மார்செலே பெனெதிக்தாவின் மகளுக்கு ஞானத்தாய். அழுதால் இவர் முன்னால் அழ வேண்டும். அழவில்லை.

"ஒரு மாசமா ஊர் என் பேரை இழுக்குது. நீங்க கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க."

"இன்னிக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன்" என்றார் அவர். அவர் கண் அவளைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேசை நீளமாகப் போட்டிருந்தது. காளான் கூட்டு, கம்பு ரொட்டி, பாலாடைக்கட்டி, மார்செலே போன கோடையில் போட்ட வெள்ளரி ஊறுகாய். ஜெபம் முடிந்து கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எதிர்பார்த்தது வந்தது.

"ரொட்டியை மெல்லறதுக்கு மட்டும்தான் வாய் திறப்பியா, கார்வேலிஸ் பொண்ணே?" என்றாள் ஸோசே. "சந்தையில நான் ஒண்ணு கேட்டேன்."

"சாப்பாட்டு நேரத்துல எதுக்கு?" என்றது ஒரு குரல்.

"வேற எங்க கேக்கறது? என் வீட்லயும் அந்தத் திரி ரெண்டு இருக்கு. எனக்கும் வயசாகுது."

சிலர் சிரிப்பை அடக்கினார்கள். பெனெதிக்தா மேசைக் கோடியில் இருந்த பல்திரூஸைப் பார்த்தாள். அவருக்கு நேரம் கொடுத்தாள். பேசப்போகிறவர் மாதிரி அவர் கத்தியைக் கீழே வைத்தார். வைத்த கத்தியை மறுபடி எடுத்து, ஏற்கனவே நறுக்கியிருந்த ரொட்டியை இன்னும் சிறிதாக நறுக்கத் தொடங்கினார்.

ஒரு வார்த்தை போதும். தோட்டத்துக்குப் போய் மூடியைத் திறந்து பாருங்கள் என்றால் போதும், கார்வேலிஸ் பெயர் அந்த நிமிடமே வெளுத்துவிடும். ஆனால் மனைவியின் நினைவுச் சாப்பாட்டில், அவருடைய மேசையிலேயே, அவர் ரொட்டியைத் தின்றுகொண்டே சம்பந்தியைக் காட்டிக்கொடுத்த பெண் என்று அதே பெயருக்கு முன்னால் சேர்த்துச் சொல்வார்களே? அப்பா இருந்திருந்தால் என்ன செய்வார் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமலே தெரியும்.

அவள் எழுந்து நின்றாள்.

"மெழுகு கெட்டதுதான். ஸோசே சொன்னது பொய் இல்லை. கடிச்சுப் பாக்காம நான் தோய்ச்சேன். பட்டையை ஒட்டினது என் கை. அந்தத் திரி யார் வீட்ல இருந்தாலும் எங்கிட்டக் குடுங்க. நல்ல மெழுகு தேடி வாங்கி, நல்ல திரி குடுக்கறேன். அடுத்த பிப்ரவரிக்கு முன்னாடி யாருக்காவது தேவைப்பட்டா சாமியார்கிட்ட நானே தூக்கிட்டுப் போய் மந்திரிச்சு வாங்கித் தரேன்."

"மெழுகு யார் குடுத்தது?" ஸோசே விடவில்லை.

"பேர் என்னுது. அதுக்கு மேல கேக்காதே."

லியோனாஸ் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ரொட்டி நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. மேசைக் கோடியிலிருந்து வேறு சத்தம் எதுவும் வரவில்லை.

கிளம்பும்போது பல்திரூஸ் வெறுந்தலையோடு கார்வரை வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, வீட்டை வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"வீட்டை எடுத்துக்கறோம், ஐயா. பேசினபடியே."

ஐயா என்று வரி வசூலிக்க வருகிறவரைக் கூப்பிடலாம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கூப்பிடலாம். பிறந்ததிலிருந்து அந்த மனிதரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. பல்திரூஸ் கதவிலிருந்து கையை எடுத்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வேலியோரம் அப்படியே நின்றுவிட்டார்.

பைன் காட்டுக்குள் கார் போய்க்கொண்டிருந்தது. லியோனாஸிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், தோட்டத்தில் கேட்டதை ஒன்றும் குறைக்காமல்.

"பெட்டி காலின்னு தெரிஞ்சும் வாங்கறேன்னு சொல்லிட்டியே."

"இப்ப வேண்டாம்னா எதுக்கு வேண்டாம்னு ஸோசே யோசிப்பா. பொழுது சாயறதுக்குள்ள கண்டுபுடிச்சுடுவா."

"அப்ப அந்த ஆளு மானத்தைக் காப்பாத்த நாம அந்த வீட்ல குடியிருக்கணும்."

"ஆமா."

"தேனீக்கு?"

தேனீயை விலைக்கு வாங்க முடியாது. யாராவது மனது வைத்துக் கொடுக்க வேண்டும். புகை கக்கும் திரி விற்றதாக ஊர் முன்னால் ஒப்புக்கொண்டவளோடு சம்பந்தம் செய்ய எந்த வீடு வரும்? நான்கு ஜன்னல் வைத்த அறையில் என்னத்தை உருக்குவது?

வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் மாடிக்கு ஏறவில்லை. கொட்டகையைத் திறந்து விளக்கைப் போட்டாள். சாக்கில் மிச்சமிருந்த கட்டியை எடுத்து, ஓரத்தை வாயில் வைத்துக் கடித்தாள். அது குழையவில்லை. உப்புக்கல்போல நொறுங்கியது. மென்றாள், உள்ளங்கையில் துப்பினாள்.

"தெரிஞ்சதை இன்னும் எதுக்குக் கடிக்கற?" லியோனாஸ் கதவருகில் நின்றிருந்தான்.

"அன்னிக்கே கடிச்சிருக்கணும். நீ நீட்டினப்பவே."

அவன் உள்ளே வந்தான். அவள் கையிலிருந்த துகளைத் தன் கைக்குட்டையில் தட்டி வாங்கிக்கொண்டான். பிறகு பளபளக்கும் திரிகள் இருந்த பெட்டியை இருவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டு, முக்காலியில் உட்கார்ந்து, முதல் திரியின் பட்டையைக் கிழியாமல் உரிக்க ஆரம்பித்தான். அவளும் எதிரில் உட்கார்ந்து அடுத்ததை எடுத்தாள்.