ஏழாவது அடுக்கு

எலிசெந்தா கோபன்ஹேகனுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஸ்பெயினிலுள்ள காத்தலோனியாவின் மாநில அரசு, தன்னைப் பற்றி வடநாட்டுக்காரர்களுக்கு எடுத்துச் சொல்வதற்காக அங்கே ஒரு சிறிய அலுவலகம் வைத்திருந்தது. மாடிப்படி ஏறி, பல் மருத்துவரின் கதவைத் தாண்டிப் போனால் வரும் இரண்டு அறைகள். எங்கள் படம், எங்கள் மது, எங்கள் சமையல், எங்கள் பேராசிரியர் என்று மாதம் ஒரு விழா நடத்துவாள். வருகிறவர்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள். போகும்போது, பார்சலோனா ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துத் தர முடியுமா என்று கேட்பார்கள்.

அந்த அக்டோபரில் எல்லாம் மாறிப்போனது. ஊரில் தனிநாடு கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றவர்களைப் போலீஸ் அடித்து இழுத்தது. அதற்குப் பிறகு எலிசெந்தாவுக்கு ஒரே வேலைதான். இந்த நாட்டில் யாராவது ஒருவர், நாடாளுமன்ற உறுப்பினரோ அமைச்சரோ, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வைக்க வேண்டும். எழுதினாள், கூப்பிட்டாள், வாசலில் காத்து நின்றாள். எல்லாரும் மரியாதையாக ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: அது ஸ்பெயினின் உள்விவகாரம்.

மேலதிகாரி கஸ்பார் பார்சலோனாவிலிருந்து தினமும் பேசுவார். முன்பெல்லாம் தொலைபேசியில் பாட்டு முணுமுணுக்கிற மனிதர். இப்போது குரலே வேறாகிவிட்டது.

"ஏதாவது கிடைச்சுதா, எலிசெந்தா?"

"இல்ல சார்."

"ஒருத்தர் கூடவா? எஸ்டோனியாவுல ஒருத்தர் பேசியிருக்காரு. பின்லாந்துல பேசியிருக்காங்க. உங்க ஊர்ல எல்லாருக்கும் தொண்டை கட்டிப்போச்சா?"

அன்றைக்குத்தான் அவளுக்கு அண்ணனின் நினைவு வந்தது.

ஜோஃப்ரா, ரெயுஸ் நகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பஸ் மெக்கானிக். ஊர் மனிதக்கோபுரக் குழுவுக்குத் தலைவன். ஆள் மேல் ஆளாக ஏறி, தோள் மேல் கால் வைத்து நிற்கிற கோபுரம். உச்சியில் ஒரு குழந்தை ஏறிக் கையை உயர்த்தினால் கோபுரம் முடிந்தது. இரண்டு வருடமாக அவன் குழுவில் உச்சிக்குப் போவது அவன் மகள் ப்ரூனா. ஒன்பது வயது.

"கோபன்ஹேகனுக்கா? எதுக்கு?" என்றான் ஜோஃப்ரா. "அங்க மழையில நனைஞ்சுக்கிட்டு யாரு பாக்கப் போறா?"

"நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு அம்மா வர்றேன்னு சொல்லியிருக்காங்க அண்ணா. அவங்க வந்தா டி.வி.யும் வரும்."

"செந்தா, எங்க குழுவுல எல்லா மாதிரியும் ஆளு இருக்கான். தனிநாடு வேணும்கிறவன் தோள்மேல, வேணாங்கிறவன் நிக்கிறான். அரசாங்கத்துக்கு வித்தை காட்டறதுக்கு நாங்க ஏறறதில்ல."

"அரசாங்கத்துக்கு இல்லண்ணா. எனக்காக. நான் இங்க தனியா கத்திக்கிட்டிருக்கேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

"கேட்டுப் பாக்கிறேன்" என்றான் ஜோஃப்ரா.

பாதிப் பேர் வரமாட்டோம் என்றார்கள். மீதிப் பேர் இரண்டு பகல் பஸ்ஸில் உட்கார்ந்து, கால் வீங்கி, சனிக்கிழமை காலையில் நகரமன்றச் சதுக்கத்தில் இறங்கினார்கள். ப்ரூனாவின் அம்மா நேவுஸ் வரவில்லை. அவள் ரெயுஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடுப்பு கிடைக்கவில்லை.

சதுக்கத்தின் முகப்பில் எலிசெந்தா பெரிய சுவரொட்டி மாட்டியிருந்தாள். அதில் எட்டடுக்குக் கோபுரம்.

ஜோஃப்ரா அண்ணாந்து பார்த்தான். "இது யாரு?"

"நீங்கதான். மூணு வருஷம் முன்னாடி எடுத்தது."

"அன்னைக்கு அடியில தாங்கிப் பிடிக்க இருநூறு பேரு இருந்தாங்க. இன்னைக்கு எண்ணிப் பாரு." அவன் இடுப்பில் சுற்றியிருந்த கச்சையை இறுக்கிக்கொண்டே சொன்னான்: "ஆறு. ஆறுக்கு மேல ஒரு அடுக்கு கிடையாது."

"சரிண்ணா."

ப்ரூனா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, இங்க எல்லாரும் சைக்கிள்லயே போறாங்களே, இவங்களுக்குக் காரு இல்லையா?"

"இருக்கு. குளிர்ல உக்காந்தா உறைஞ்சு போயிடுவோம்னு ஓட்டிக்கிட்டே இருக்காங்க."

குழந்தை சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

நண்பகலுக்கு முன்பே ஆறடுக்கு ஏற்றினார்கள். கோபுரம் ஏறும்போது வாசிக்கிற குழல் ஒலித்தது. ஒருவர் மேல் ஒருவராக ஏறி நின்றார்கள். ப்ரூனா அணில் போல ஓடி ஏறி, கையை உயர்த்தி, மறுபக்கமாக வழுக்கி இறங்கினாள். ஓர் ஆடல் போல அத்தனை ஒழுங்காக நடந்தது. பார்த்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் சிலரும், தள்ளுவண்டியில் சாசேஜ் விற்கிறவனும், படம் எடுக்க வந்திருந்த தோர்பென் என்ற பத்திரிகைக்காரனும்தான். நாடாளுமன்ற உறுப்பினர் வரவில்லை.

குழுவினர் வட்டமாக உட்கார்ந்து ரொட்டியில் தக்காளி தேய்த்துத் தின்ன ஆரம்பித்தபோது அந்த அம்மாள் வந்தார். உயரமான பெண்மணி, சைக்கிள் தலைக்கவசம் கையில். பின்னாலேயே டி.வி. கேமராவும் வந்தது.

"தாமதமாகிவிட்டதோ? முடிந்துவிட்டதா?" என்றார்.

"இல்லை, இல்லை. இனிமேல்தான்" என்றாள் எலிசெந்தா.

அவள் ஓடிப் போய் அண்ணன் முன்னால் மண்டியிடாத குறையாக நின்றாள்.

"அண்ணா, இன்னொண்ணு."

"சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க, செந்தா."

"அந்த அம்மா பத்து நிமிஷம்தான் இருப்பாங்க. ஏழு அடுக்கு. ஒரே ஒரு தடவை."

"ஆறுன்னு சொன்னேன்ல."

"ஆறை டி.வி.ல காட்டினா சர்க்கஸ் மாதிரி இருக்கும். நிமிர்ந்து பாக்க வைக்கணும். அண்ணா, நாளைக்கு மாட்ரிட் நம்ம அரசையே கலைச்சிடலாம். இந்த ஆபீஸ் இருக்காது, நான் இருக்க மாட்டேன். இதுதான் கடைசி. உன் கால்ல விழறேன்."

"அடியில ஆள் பத்தாதுடி. ஏழு வெச்சா கீழ அமுக்கிப் பிடிக்க ஆள் வேணும்."

"ஆள் நான் கொண்டாரேன்."

கொண்டும் வந்தாள். ஒலிபெருக்கியைப் பிடித்து, தனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் கூப்பிட்டாள்: வாருங்கள், எங்களைத் தாங்கிப் பிடியுங்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். இரண்டு வருடத்தில் அந்த நாட்டுக்காரர்கள் அவள் சொன்ன ஒன்றைக் கேட்டு உடனே செய்தது அப்போதுதான். மாணவர்கள் வந்தார்கள். கைப்பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு ஒரு பெண் வந்தாள். சாசேஜ்காரனும் ஏப்ரனோடு வந்து நின்றான். ஜோஃப்ரா கடைசியில் தலையாட்டிவிட்டு, ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து நிறுத்தினான். அவன் சொல்லச் சொல்ல அவள் மொழிபெயர்த்தாள்: நெஞ்சை முன்னால் இருப்பவரின் முதுகோடு ஒட்டுங்கள். மேலே பார்க்காதீர்கள். விழுந்தாலும் விலகி ஓடாதீர்கள், நீங்கள்தான் மெத்தை.

அவளுக்குக் கண் கலங்கியது. இதுதான், இதைத்தான் இத்தனை நாள் சொல்ல நினைத்தேன் என்று தோன்றியது. குழல் ஒலிக்கத் தொடங்கியது.

மூன்றாவது அடுக்கு நின்றது. நான்காவது நின்றது. ஐந்தில் கால்கள் நடுங்கின. ஆறாவதும் ஏறி நின்றது. ஜோஃப்ரா கீழிருந்து ஒவ்வொரு பெயராகக் கத்திக்கொண்டிருந்தான். ப்ரூனா ஏற ஆரம்பித்தாள்.

எலிசெந்தா கோபுரத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெல்ல மலர்வதைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. அப்போது அவருடைய தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் படித்தார், நெற்றியைச் சுருக்கினார், கேமராக்காரனிடம் என்னவோ சொன்னார். மாட்ரிட் அறிவித்துவிட்டது. காத்தலோனியாவின் ஆட்சியை அதுவே எடுத்துக்கொள்ளப் போகிறது. கேமரா கோபுரத்தை விட்டு அந்த அம்மாள் பக்கம் திரும்பியது.

எலிசெந்தாவின் முதுகுக்குப் பின்னால், மூட்டைகள் சரிகிற மாதிரி ஒரு சத்தம்.

அவள் திரும்பியபோது கோபுரம் இல்லை. ஆட்களின் குவியல்தான் இருந்தது. சாசேஜ்காரன் ஓடியிருக்கவில்லை. அவன் மேல் இரண்டு பேர் கிடந்தார்கள். மாணவர்கள் சிலர் பயந்து விலகியிருந்தார்கள். அந்த இடைவெளியில், வெறும் கல்தரையில், ப்ரூனா கிடந்தாள். அவள் தலையில் மாட்டியிருந்த கவசம் அப்படியே இருந்தது. இடது கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண் மூடியிருந்தது.

ஆம்புலன்ஸில் ஜோஃப்ரா மட்டும் ஏறினான். எலிசெந்தா ஏறப் போனபோது அவன் தடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. அவள் ஏறுமுன் கதவு சாத்திக்கொண்டது.

டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ப்ரூனாவை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கண் திறந்தாளா என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் தாழ்வாரத்தில் நின்றபோது கஸ்பார் கூப்பிட்டார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? உங்க படம்தான் எல்லா இடத்துலயும்."

"எந்தப் படம்?"

"கோபுரம் விழற படம். அந்தக் குழந்தை காத்துல நிக்கிற மாதிரி, கை ரெண்டும் விரிச்சு. மாட்ரிட் அறிவிச்ச அதே நேரத்துல! எலிசெந்தா, இதுதாங்க நம்ம நிலைமை. இதை விடப் பெருசா யாரும் சொல்ல முடியாது. உலகம் பூரா அனுப்பணும். பெத்தவங்க சம்மதம் மட்டும் வேணும். உங்க அண்ணன்தானே?"

"சார், குழந்தை இன்னும் ஸ்கேன்ல இருக்கா."

"தெரியும். தெரியும்மா." அவர் குரல் உடைந்தது. "என்னைத் திங்கக்கிழமை கைது பண்ணுவாங்களோ செவ்வாய்க்கிழமையோ, எனக்குத் தெரியல. கையில வேற எதுவும் இல்ல. கேட்டுப் பாருங்க. கேட்டு மட்டும் பாருங்க."

அவள் முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் பிறகு அவளை வெகுகாலம் உறுத்தியது. பார்க்கிறேன் சார் என்றாள்.

தோர்பெனுடைய பத்திரிகையின் பக்கத்தைத் தொலைபேசியில் திறந்தாள். படம் இருந்தது. பயங்கரமான, அழகான படம். கீழே ஒரு வரி: சதுக்கத்தில் ஸ்பானிஷ் கழைக்கூத்தாடிகள் விபத்து, சிறுமி காயம்.

ஸ்பானிஷ். கழைக்கூத்தாடிகள்.

இரண்டு வருடத்தில் வெளியே வந்த ஒரே பெரிய செய்தி. அதில் அவர்கள் பெயர்கூட இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்பாக வெளியே வரவில்லை. விரல்கள் தாமாகப் பத்திரிகை அலுவலக எண்ணைத் தேடி அழுத்தின. எதிர்முனையில் வந்தது தோர்பென்.

"உங்கள் செய்தியில் ஒரு பிழை இருக்கிறது" என்றாள். "அவர்கள் ஸ்பானிஷ் இல்லை. காத்தலான்கள். கழைக்கூத்தாடிகளும் இல்லை. அது எங்கள் பண்பாட்டின்..."

"இருங்க, இருங்க" என்றான் தோர்பென். "நானும் அங்கதான் இருந்தேன். மாத்திடறேன், அது பெரிய விஷயமில்ல. அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

எலிசெந்தா வாயைத் திறந்தாள்.

"ஹலோ? கண் முழிச்சிட்டாளா?"

"எனக்குத் தெரியாது" என்றாள். "நான் இன்னும் உள்ள போகல."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, ஸ்கேன் முடிந்து ப்ரூனாவைக் கிடத்தியிருந்த அறையைத் தேடிப் போனாள்.

உள்ளே ப்ரூனா விழித்திருந்தாள். கையில் கட்டு. மண்டைக்குள் ஒன்றுமில்லை, இரண்டு நாள் வைத்துப் பார்ப்போம் என்றிருந்தார்கள். உதடு வறண்டிருந்தது.

"அத்தை, நான் கையத் தூக்கினேனா?"

"தூக்கினே கண்ணு" என்றாள் எலிசெந்தா. அவளுக்கு அது தெரியாது.

"தூக்கல" என்றான் ஜோஃப்ரா, மகளைப் பார்த்து, மெதுவாக. "அதுக்கு முன்னாடியே விழுந்துட்டோம், பட்டு. அத்தை பாக்கல."

பிறகு தங்கையைப் பார்த்தான். முகத்தில் கோபம்கூட இல்லை. "ஆறுன்னுதான் சொன்னேன். உன்னைப் பாத்தப்போ பாவமா இருந்துச்சு. ஏழுக்குத் தலையாட்டினவன் நான்தான்."

"நான்தான் அண்ணா..."

அவன் தொலைபேசி அடித்தது. நேவுஸ். அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. திரையில் ஏற்கனவே பல அழைப்புகள் நிற்பதை அவள் பார்த்தாள். படம் ரெயுஸுக்கும் போயிருக்கும்.

"என்னால முடியல" என்றான் ஜோஃப்ரா. தொலைபேசியை அவளிடம் நீட்டினான். "நீ பேசு. பேசறதுதானே உன் வேலை."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"ஜோஃப்ரா? ஜோஃப்ரா!"

"நான் செந்தா, அண்ணி. ப்ரூனா உயிரோட இருக்கா. பேசறா. இடது கை ஒடிஞ்சிருக்கு. தலையில ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

எலிசெந்தா கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தாள்.

"அண்ணன் ஆறுக்கு மேல வேணாம்னாரு. நான்தான் ஏழு கேட்டேன். கெஞ்சினேன். ஒரு அம்மா பாக்க வந்திருந்தாங்க. அதுக்காக."

"எந்த அம்மா?" என்றாள் நேவுஸ்.

"உங்களுக்குத் தெரியாது, அண்ணி."

நேவுஸ், ஒரு நர்ஸின் குரலில், "போனக் குழந்தைகிட்ட குடு" என்றாள்.

அன்று மாலையே எலிசெந்தா கஸ்பாருக்கு ஒரே வரி அனுப்பினாள்: சம்மதம் இல்லை. அவர் பதில் எழுதவில்லை. ஆனாலும் படம் எங்கெங்கோ போய்க்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்த யாராலும் முடியவில்லை. அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அலுவலகம் மூடப்பட்டது. பல் மருத்துவர் வெளியே வந்து, இனி விருந்து கிடையாதா என்று வருத்தத்தோடு கேட்டார்.

ப்ரூனாவின் கை கூடிவிட்டது. ஆனால் அவள் மறுபடி ஏறவில்லை. குழல் வாசிக்கக் கற்றுக்கொள்கிறாள். ஜோஃப்ரா தலைவர் பதவியை விட்டுவிட்டான். எலிசெந்தா ஊருக்கு வந்து, தாரகோனாவில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குப் போவாள். நேவுஸ் கதவைத் திறப்பாள், தட்டு வைப்பாள், உப்பு போதுமா என்று கேட்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். எலிசெந்தா சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வருவாள்.