துலக்கிய பித்தளை

எங்கள் எஸ்டேட் துரை ஒரு காரைக் காதலித்தார். கேலிக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்டாட்டி பிள்ளைகளைப் பங்களாவில் விட்டுவிட்டு, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்கு வந்து, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் இருந்த வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கறுப்பு ஆஸ்டின் அது. அதற்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. எங்கள் துரை வந்ததும் கோழிகளைத் துரத்தி, கழுவி, வர்ணம் அடித்து, கோலாலம்பூரில் வருஷா வருஷம் நடக்கும் பழைய கார் போட்டிக்குக் கொண்டுபோகத் துடியாய்த் துடித்தார். அந்தத் துடிப்புக்கும் எங்கள் குடியிருப்புக்கும் முடிச்சு விழுந்தது எண்பதாம் வருஷத்தில்.

என் வீட்டுக்காரர் வேலப்பன் எஸ்டேட் லோரி டிரைவர். அந்த வருஷத்து அடைமழையில், தானா ராத்தா டவுனுக்குப் போகும் வளைவில் லோரி சரிந்து அவருடைய வலது கால் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கைத்தடியோடு திரும்பி வந்தார். வண்டி ஓட்டாதவனுக்கு டிரைவர் வீடு எதற்கு என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கேட்டார். நானும் எஸ்டேட் ஆள் இல்லை. கியா பார்ம் ஊரில் முருகையாவின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் பேரைச் சொல்லி வீடு கேட்க வழியில்லை. எங்களோடு என் மாமியார் அம்மாக்கண்ணுவும் இருந்தார். மூன்று பேருக்கும் அந்த லயத்து வரிசை வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது.

என் வீட்டுக்காரர் துரையைப் போய்ப் பார்த்தார். துரை நம்ம ஆள்தான், தமிழர்தான். அந்த ஒன்றை நினைத்து நான்கூட மனசுக்குள் தெம்பாக இருந்தேன்.

"காருல எல்லாம் ஒரிஜினலா இருக்கு வேலப்பன். பெட்ரோல் பில்டர் மட்டும் இல்ல. எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். அத மட்டும் தேடிப் புடிச்சு நல்லா பண்ணிக் குடு. கார் ஜெயிக்கட்டும். உன்னைய ஷெட்டுக்கு வாட்ச்மேனா போட்டுடுறேன். வீடு உனக்குத்தான்" என்றாராம் துரை. ஓர் இங்கிலீஷ் புத்தகத்தில் அதன் படத்தையும் காட்டியிருக்கிறார்.

இவர் வீட்டுக்கு வந்து அடுப்புக்கரியை எடுத்து சிமெண்டுத் தரையில் வரைந்து காட்டினார். மேலே கைப்பிடி அளவுக்கு ஒரு மூடி, அதிலிருந்து தொங்கும் கண்ணாடிக் குவளை, குவளையைத் தாங்க ஒரு வளைந்த கம்பி. பெட்ரோலில் வரும் தூசியும் தண்ணீரும் குவளையின் அடியில் தங்கிவிடும், சுத்தமான எண்ணெய் மட்டும் எஞ்சினுக்குப் போகும் என்றார். எனக்கு அதை அவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது முருகையா தண்ணி பம்புல தொங்குறதுலா. வாரத்துக்கு ஒருவாட்டி நான்தானே கழுவுறேன்" என்றேன்.

அவர் கரித்துண்டைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். கால் போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

அடுத்த நாளே தோட்டத்துக்கு வந்து பார்த்தார். அதே காரின் வடிகட்டிதான். யாரோ கழற்றி விற்றதை முருகையாவின் அண்ணன் வாங்கி, செடிக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் மாட்டியிருந்தார். முருகையா லேசில் கொடுக்கவில்லை. கோஸ் வெட்டும் காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் நான் சும்மா வந்து வேலை செய்ய வேண்டும் என்றார். சரி என்றேன். வீட்டுக்காக அவருடைய கோஸ் என்ன, மலையையே வெட்டச் சொன்னாலும் வெட்டியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் அதைச் செப்பனிட்ட அழகை நான் சொல்லியே ஆகவேண்டும். கண்ணாடியின் உள்ளே பழைய பெட்ரோல் மஞ்சளாய்ப் படிந்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துணி சுற்றிய குச்சியால் கீறல் விழாமல் துடைத்தெடுத்தார். உள்ளே இருந்த சல்லடை கிழிந்திருந்தது. தலைமுடி போன்ற கம்பியால் அதைப் பற்றவைத்தார். குவளையும் மூடியும் சேரும் இடத்தில் இருந்த தக்கை வளையம் பொடிந்துபோயிருந்தது. தானா ராத்தா ஹோட்டலில் ஒயின் போத்தல் தக்கைகளை வாங்கி வந்து சீவி, வட்டமாக வெட்டி, ஒழுகாமல் பொருத்தினார். மூடியின்மேல் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு பூச்சும், அதில் தேய்ந்துபோன சில இங்கிலீஷ் எழுத்துகளும் இருந்தன. அதை அவர் தொடவில்லை. எல்லாவற்றையும் சமையலறை ஜன்னல் ஓரத்தில் காயவைத்தார்.

அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வியாழன் சாயங்காலமே விளக்குகளைத் துலக்கிவைப்பது என் மாமியாரின் வழக்கம். புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் கண்ணில் ஜன்னலிலிருந்த மூடி பட்டது. ஓரத்தில் பூச்சு உரிந்து பித்தளை எட்டிப்பார்த்தது. அவ்வளவுதான். குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் தேய்த்துவிட்டார். பூச்சு போயிற்று. எழுத்தும் போயிற்று. நான் தோட்டத்திலிருந்து வந்தபோது அது விளக்குகளுக்கு நடுவே தங்கமாய்ப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"தொர கைக்குப் போற சாமானு, அழுக்கும் பிசுக்குமாவா குடுக்குறது? நம்மளப் பத்தி என்னா நெனைப்பாரு?" என்றார் மாமியார்.

தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நம்மம்மா கை கைதான்" என்றார். அம்மா துலக்கியது என்று இவர் சொல்லிக் கொடுத்தும் துரைக்கும் தோன்றவில்லை, அதை மறந்துவிடாதீர்கள். படித்தவர், புத்தகத்தில் படம் பார்த்தவர், "வெரி குட் வேலப்பன், வெரி குட்!" என்று தோளைத் தட்டினார். காரில் பூட்டி, எஞ்சின் மூடியைத் திறந்துவைத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

கோலாலம்பூருக்கு இவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார், வழியில் ஏதாவது நின்றுவிட்டால் பார்க்க. அங்கே நடந்ததை இவர் வந்து சொன்னார். போட்டியில் மார்க் போடும் வெள்ளைக்காரக் கிழவர் காரை மெச்சிக்கொண்டே வந்தாராம். எஞ்சினைப் பார்த்தவர் வடிகட்டியை விரலால் சுண்டி, தலையை ஆட்டி, இது புதுசு, கடையில் செய்தது, ஒரிஜினல் இல்லை என்றாராம். துரை அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? இது இந்தக் காரிலேயே இருந்தது, நம்ம ஆள் தேடிக் கண்டுபிடித்தது, துலக்கியதில் பூச்சு போய்விட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்தாராம். "என் டிரைவர் என்னை ஏமாத்திட்டான்" என்று இங்கிலீஷில் சொன்னாராம். அந்த அளவுக்கு இங்கிலீஷ் இவருக்குத் தெரியும்.

"அங்கயே சொல்ல வேண்டியதுதானே நீங்க?" என்றேன்.

"எப்படி சொல்றது? பெரிய மனுசங்க பேசிக்கிட்டு இருக்காங்க."

மேலே கேட்க வாயெடுத்தேன். ஆனாலும் வீடு போகவில்லை, அதனால் அடக்கிக்கொண்டேன். துரை இன்னொரு வருஷம் தவணை கொடுத்திருந்தார். அந்தப் பித்தளையை முன்னே இருந்த மாதிரியே பழசாக்கிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் இவர் செய்ததைப் பார்த்தால் சாமிக்கே பொறுக்காது. நல்ல பொருளை மண்ணெண்ணெய் அடுப்புப் புகையில் காட்டினார். பேட்டரித் தண்ணீரைத் தொட்டுத் தடவினார். ஈரத் தேயிலைக் குப்பையில் புதைத்துவைத்து எடுத்தார். சாம்பல் நிறப் பெயிண்டை அடித்து, காய்ந்ததும் அங்கங்கே சுரண்டினார். துரை கொடுத்த புத்தகத்தைப் பார்த்து ஆணியால் அந்த எழுத்துகளைத் தட்டி, பிறகு தேய்ந்ததுபோல் தெரிய உப்புத்தாளால் உரசினார். மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து, தான் செய்த பாவத்துக்குப் பிள்ளை பரிகாரம் செய்வதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் விளக்கைத் தொட அவருக்குக் கை வரவில்லை. நான்தான் துலக்கினேன்.

அடுத்த வருஷம் கார் ஜெயித்தது. எல்லா உறுப்பும் ஒரிஜினலாக உள்ள கார் என்று வெள்ளிக் கோப்பையே கொடுத்தார்கள். அசலைப் போலி என்றவர்கள் போலியை அசல் என்றார்கள். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன் நான். வீடு நின்றுவிட்டது என்ற சந்தோஷத்தில் வந்த சிரிப்பு.

துரை தொழிற்சாலை முற்றத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்தார். லயத்து ஜனங்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தோம். கால் முடியாதவர் என்று இவருக்கு மட்டும் முன்னால் ஒரு நாற்காலி. துரை கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் காரோட பில்டர் கெடைக்கவே கெடைக்காதுன்னாங்க. நான் விடல. நானே கியா பார்ம் வரைக்கும் போய்த் தேடிப் புடிச்சேன். நானே என் கையால ரிப்பேர் பண்ணேன்!"

இவர் எழுந்து நிற்பார், ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். இவர் கைத்தடியை மடியில் கிடத்திவிட்டுக் கை தட்டினார். கூட்டத்தில் முதலில் தட்டியவர் இவர்தான். இவர் தட்டியதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தட்டினார்கள்.

"எதுக்குத் தட்டுனீங்க?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"தட்டலன்னா தப்பா நெனைப்பாரு. வீடு இருக்குல்ல, சரோஜா."

வீட்டைப் பற்றிப் பேச மறுநாள் ஆபீசுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பிவிட்டார். கார் இனிமேல் பங்களாவிலேயே நிற்கப்போகிறது, காலி கொட்டகைக்கு எதற்குக் காவல்காரன் என்றாராம் துரை. உள்ளே உட்காரவைத்துத்தான் சொன்னாராம், மரியாதையாக. புது டிரைவர் குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்று கிராணி அந்த வாரமே ஆள் அனுப்பினார்.

கோஸ் ஏற்றும் லோரியை முருகையா அனுப்பிவைத்தார், தோட்டத்தில் உரம் வைக்கும் கொட்டகையில் தங்கிக்கொள்ளலாம் என்று. அவருக்குக் கூலியில்லாமல் கை கிடைக்கும் என்ற கணக்கு, இருக்கட்டும். மாமியாரை முன்னால் ஏற்றினோம். நானும் இவரும் பின்னால் சாமான்களோடு உட்கார்ந்தோம். லயத்து ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். லோரி கிளம்பி பங்களாவைத் தாண்டும்போது இவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தொர நல்லவருதான் சரோஜா. இந்தக் கிராணிதான் என்னமோ சொல்லிக் கெடுத்துட்டான்."

"வாய மூடுங்க" என்றேன்.

கல்யாணமாகி அதுநாள்வரை நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அதற்குப் பிறகு, அவர் சாகும்வரைக்கும், வேறு மாதிரிப் பேசியதில்லை.