ஒன்பது லட்சத்தில் நின்ற இயந்திரம்

அந்த ஸ்பிரிங் தொழிற்சாலையில் அவளுக்கு முத்திரை அக்கா என்றுதான் பெயர். மாதிரி ஸ்பிரிங் சோதனை இயந்திரத்தில் பத்து லட்சம் அமுக்கைத் தாங்கினால்தான் 'உற்பத்திக்கு ஒப்புதல்' என்று முத்திரை குத்துவாள். இரண்டரை நாள் வேலை. இதில் குறுக்கு வழியே கிடையாது என்று எல்லோருக்கும் உபதேசம் வேறு.

மூன்று வருடம் முன்பு அவளே குறுக்கு வழியில் போயிருந்தாள். வாசலில் லாரி, தலைக்கு மேல் முதலாளி. எண்காட்டி ஒன்பது லட்சம் காட்டியதும், இவ்வளவு தாங்கியது இன்னும் கொஞ்சம் தாங்காதா என்று நிறுத்திவிட்டுப் பத்து லட்சம் என்று எழுதிவிட்டாள். அந்த ஸ்பிரிங்குகள் பக்கத்துத் தகடு ஆலைக்குப் போயின. அங்கே அழுத்து இயந்திரத்தின் கனத்த தலையை மேலே தாங்கிப் பிடித்திருந்த ஒன்று, ஒரு நாள் முறிந்தது. அடியில் குனிந்து தகடு எடுத்துக்கொண்டிருந்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

ஸ்பிரிங்குக்குத்தான் சான்றிதழ் இருக்கிறதே! தொழிலாளி அவசரப்பட்டதால் விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அக்கா வாய் திறக்கவில்லை. பாவி, திறக்கவே இல்லை.

இப்போது அதே அளவில், அதே கம்பியில் புது ஆர்டர். இன்று காலை எண்காட்டி ஒன்பது லட்சத்தைத் தொட்டதும் இயந்திரம் தானாக நின்றது.

எலக்ட்ரீஷியன் வந்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். "கரண்ட் வருது, மோட்டார் நல்லாருக்கு. பிடிவாதம் மட்டுந்தான் கோளாறு. உங்களப் பாத்துக் கத்துக்கிச்சாக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவள் மறுபடி போட்டாள். ஒரே ஒரு அமுக்கு, நின்றது. பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். சின்ன வயதில் அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது தம்பி இப்படித்தான் சத்தமில்லாமல் வந்து நிற்பான். திரும்பினால் வெறும் சுவர்.

முதலாளி போனில் கத்தினார். "ஒன்பது லட்சம் ஆச்சுல்ல? போன தடவ தாங்குன ஸ்பிரிங்தானேம்மா! குத்திட்டு வா."

முத்திரையைக் கையில் எடுத்தாள். குத்த முடியவில்லை. நாற்காலியை இயந்திரத்தின் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரிடா தம்பி. இந்தத் தடவ எழுந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

ஓடியது. இரண்டு மணி நேரம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்தில் ஸ்பிரிங் டங்கென்று முறிந்து, இயந்திரத்தைச் சுற்றியிருந்த கூண்டுக் கம்பியில் மோதியது. அன்றைக்கு இரண்டே மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவள் தம்பி மனைவி. அவன் செத்த பிறகு இங்கே பேக்கிங்கில் வேலைக்குச் சேர்ந்தவள்; மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாகத்தான்.

"என்ன அண்ணி, உடைஞ்சுடுச்சா? லேபிள் ஒட்டச் சொன்னாங்களே."

"ஒட்டாத. அன்னிக்கும் இதே ஸ்பிரிங்தான். முழுசாப் பாக்காம ஒன்பது லட்சத்துல நிறுத்திட்டு முத்திர குத்திட்டேன். அவன் அவசரப்படல. நான்தான்."

தம்பி மனைவி லேபிள் கட்டை மேசைமேல் வைத்தாள்.

"பொறுமையில்லாத மனுசன், என்னையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போயிட்டாருன்னு மூணு வருசமாத் திட்டுறேன்" என்றாள். "தெனமும் உங்க முன்னாடிதானே அண்ணி திட்டுனேன். கேட்டுக்கிட்டுத்தானே சாப்பிட்டீங்க?"