ஒரு ஜோடி அதிகம்

2006 பங்குனியில், தாயில்பட்டிக்கு மேற்கே இருந்த எங்கள் பட்டாசுக் கம்பெனியில் தொழிலாளர் நலம் என்று புதிதாக ஒரு வேலையை உண்டாக்கி என்னை அதில் போட்டார்கள். தை மாதம் நான்காம் நம்பர் அறை வெடித்ததிலிருந்து அங்கே யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. முதலாளி மகன் ஹரிஷ்குமார் வெளியூரில் ஒரு மில்லில் பார்த்துவிட்டு வந்து, "வேலைக்கு முன்னாடி மூச்சுப் பயிற்சி. எல்லாருக்கும் ஒரே மாதிரி மெத்துச் செருப்பு. ஆரம்பிச்சிருங்க இசைவாணி" என்றார். நீலச் செருப்பு வந்து இறங்கியது. எல்லாருக்கும் கொடுத்தேன்.

என் கவலையெல்லாம் மாரித்தாய் அக்கா மேல்தான். வெடித்த அறையில் செத்தது அவள் தங்கை சின்னத்தாய். அன்று பிடித்த கைநடுக்கம் மாரித்தாய்க்கு நிற்கவே இல்லை. நடுங்கும் கையை வெடிமருந்து செலுத்தும் அறைக்குள் எப்படி விடுவது? "ஆடிக்குள்ள கை நிக்கலேன்னா வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதாம்மா" என்று போர்மேன் நாகையா சொல்லிவிட்டார். தங்கை பிள்ளைகளும் சேர்ந்து அவள் கையைத்தான் நம்பியிருந்தன.

தகரக் கொட்டகையில் முதல் நாள் பயிற்சி. மருந்து அறைக்குள் செருப்புக் கால் வைக்கக் கூடாது; அந்தப் பழக்கத்தில் இங்கும் வாசலிலேயே கழற்றிப் போட்டார்கள்.

"கண்ண மூடி மூச்சு விடணுமாம். எங்க வீட்ல அவுக நாளெல்லாம் அதத்தான் செய்யிறாக. அவுகளுக்கும் சம்பளம் குடுப்பீகளா?" என்றாள் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது.

மாரித்தாய் மட்டும் உட்காரவில்லை. வாசலில் வெளியே பார்த்து நின்றாள்.

"உள்ள வாங்கக்கா."

"நீங்க மூடுங்க. நான் பாத்துக்கிறேன்."

"எத?"

"செருப்பத்தான். உன்னையும் என்னையும் சேத்துப் பன்னெண்டு பேரு இருக்கோம். பதிமூணு ஜோடி கெடக்கு இசை."

எண்ணினேன். பதிமூன்றுதான். மிச்சம் வந்ததை எவனோ கொண்டுவந்து போட்டிருப்பான் என்றார் நாகையா. ஒரு ஜோடியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுநாளும் பதிமூன்று கிடந்தது. ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். பூட்டிய ஜோடி அப்படியே இருந்தது.

வெடித்த அன்று உள்ளே யார் என்று வாசல் செருப்பை வைத்துத்தான் சொன்னார்கள். சின்னத்தாய் செருப்பில் அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது.

"முந்தின்னா கண்டதும் இன்னார் செருப்புன்னு சொல்லிருவேன்" என்றாள் மாரித்தாய். கோபமில்லாமல்தான் சொன்னாள். "நீ எல்லாத்தையும் ஒண்ணுபோல ஆக்கிட்ட. வந்தவ அவதானான்னு எப்பிடிக் கேக்க?"

திட்டத்தை மாற்றினேன். கொட்டகை வேண்டாம், புங்கமரத்தடியில் திறந்த வெளி. செருப்பு அவரவர் காலிலேயே இருக்கட்டும். கண்ணை மூட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மாரித்தாய் வந்து கடைசியில் உட்கார்ந்தாள். இரண்டு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். பயிற்சி முடிந்தும் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். மற்றவர்கள் சத்தமில்லாமல் வேலைக்குக் கலைந்தார்கள். மடியில் கிடந்த அவள் கை அசையாமல் இருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவள் மூச்சு வெளியே போனது. அடுத்த மூச்சை அவள் இழுப்பதற்கு முன்னால் இன்னொரு மூச்சு உள்ளே போயிற்று. அவளுக்கு இடப்பக்கம் வெறும் மண்தான் இருந்தது. திரும்பவும் அவள் மூச்சு, திரும்பவும் அது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எழுப்பிவிட்டால் அது நின்றுவிடும், இவள் கையும் நடுங்கத் தொடங்கிவிடும் என்று தோன்றியது. எழுப்பவில்லை.

அதன் பிறகு தினமும் தூங்கினாள். ஆடி பிறப்பதற்குள் நாகையா அவள் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "போம்மா உள்ள" என்றார். ஹரிஷ்குமாருக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு கம்பெனிக்கும் இதே திட்டத்தைச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

ஓர் அறைக்கு நாலு பேர்தான் கணக்கு; உள்ளே ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். மாரித்தாய் தன் இடத்தில் உட்கார்ந்து, இடப்பக்கம் இருந்தவளிடம், "கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி, இங்கன எடம் பத்தாது" என்றாள். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு அந்தப் பெண் தள்ளி உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

நாகையா வாசலிலேயே நின்றார்.

"கை நிக்குதும்மா" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "நீ ஒண்ணும் கேட்டுக்கிடாத."