சதுப்பு ராட்சசனின் இடது கால்

"பிளேடு வேண்டாம்க்கா, பெட்டி கீறிடும்," என்றான் தம்பி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

அக்கா பிளேடை வைத்துவிட்டு நகத்தால் டேப்பை உரித்தாள். நான்கு மாதமாக அவனைத் தூக்கி, திருப்பி, துடைத்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. பெட்டிக்குள் ஒரு சாண் உயரத்தில் மூன்று தலைச் சதுப்பு ராட்சசன் பொம்மை. சுவர் அலமாரிகளில் ஏற்கெனவே இருநூறுக்கு மேல் நின்றன. கொம்பும் செதிலும் வாலுமாக. தம்பிக்குப் பெண் பார்த்த இரண்டு வீட்டாரும் அந்த அலமாரிகளைப் பார்த்ததோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

தம்பி பல் செட் செய்கிறவன். எந்தப் பொம்மை வந்தாலும் சோதித்துப் பத்துக்கு மார்க் போடுவான்; முதலில் வாயைத்தான் பார்ப்பான்.

"பல்லைக் காட்டு."

முகத்தருகே பிடித்தாள்.

"ஈறுல பெயின்ட் வழியல. கடைவாய்ப் பல்லைக்கூட ஒழுங்கா செதுக்கியிருக்கான். முழங்கையை மடக்கு. லூசா இருக்கா?"

"டைட்டாத்தான்டா இருக்கு."

"நிக்க வை."

மேசையில் மூன்று முறை வைத்தாள். மூன்று முறையும் குப்புற விழுந்தது. இடது கால் உள்பக்கமாக வளைந்திருந்தது.

"பெட்டியில நசுங்கியிருக்கு. கொதிச்ச தண்ணில முக்கினா இளகும். நிமித்திட்டு உடனே ஜில் தண்ணில ரெண்டு நிமிஷம் வை. நடுவுல எடுத்துடாத."

"இப்பவேவா? கொஞ்சம் உக்காந்துக்கறேனே."

"நின்னாத்தான்க்கா மார்க் போட முடியும்."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். கொதித்த நீரில் கால் ரப்பர்போல இளகியது. நிமிர்த்தி, ஐஸ் போட்ட கிண்ணத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். விரல் மரத்தது. காலையிலிருந்து முதல்முறையாக யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அந்த அமைதி அவளுக்குச் சுகமாக இருந்தது.

திரும்பி வந்து மேசையில் வைத்தாள். "டேய், நிக்குதுடா."

பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

டாக்டர் வந்து கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். "கடைசியா எப்பம்மா பேசினாரு?"

"தண்ணி கொதிக்க வைக்கச் சொன்னான்."

அவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

மதியம் கொம்பன் வந்தான். கொம்பு வைத்த பொம்மையாகவே வாங்குகிறவன் என்பதால் தம்பி வைத்த பெயர். ஞாயிறுதோறும் இருவரும் போனில் மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். நண்பனின் முகத்தை வெகுநேரம் பார்த்து நின்றவன், கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேசையிலிருந்த பொம்மையை எடுத்தான். திருப்பிக் காலைத் தடவினான்.

"யாருக்கா நிமித்தினது?"

"நான்தான்."

"ரெண்டு நிமிஷம் முழுசா வெச்சிருந்தீங்களா?"

"வெச்சிருந்தேன்."

"பாதிப் பேரு அவசரப்பட்டு எடுத்துடுவாங்க. நல்லா வந்திருக்கு."

அவள் ஜன்னல் பக்கம் போய், திறந்தே கிடந்த கதவை மறுபடி திறந்தாள்.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. கொம்பனும் இன்னும் மூன்று பேருமாகத் தூக்கிப் போனார்கள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் கட்டில் விரிப்பை உருவத் தொடங்கினாள். தலைமாட்டில் ஒரு முனை சிக்கிக்கொண்டது. இழுக்கத் தெம்பில்லை. உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே சரிந்து, அந்தக் குழிந்த மெத்தையில் செருப்புக் காலோடு படுத்துக்கொண்டாள். வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.