ஐந்தாவது கை

"சிவகௌரிக்குச் சாவுத் துடக்காம். மாமனார் மோசம் போயிட்டாராம். நாளைக்கு வரமாட்டா." சத்தியபாமா கைபேசியைக் குசினி மேசையில் குப்புற வைத்தார். "இப்ப நாலு பேர்தான் இருக்கு. தண்ணி வாக்க ஐஞ்சு சுமங்கலியள் வேணும்."

நிரூபா வடைக்கு ஊறிய உளுந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். இரண்டு கிழமையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள்.

"மாமி, அஞ்சாவதா நான் வாக்கட்டே? ஒரு செம்பு மட்டும்."

சத்தியபாமா குரலை உயர்த்தவில்லை. "என்ர பிள்ளையைத் திண்ட கை அது. பேத்தியின்ர தலையிலயும் வைக்கப் போறியோ?"

கதிரையில் இருந்த தேவராஜா பத்திரிகையைத் தாழ்த்தினார். "பெத்த தாய்தானே, சத்தியா..."

"நீங்கள் பேப்பரைப் பாருங்கோ."

அவர் பேப்பரைப் பார்த்தார்.

அவர்களுடைய மகன் அருந்தவன் வேலைக்குப் போகும் வழியில் மாரடைப்பால் இறந்து மூன்று வருடம். அன்றிலிருந்து நோபல் பார்க் வீட்டில் அவன் மனைவி நிரூபாவுக்குப் பொட்டு இல்லை, பட்டு இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு நாளைக்கு எட்டுப் பேரைக் குளிப்பாட்டுவாள். நாளைக்கு அவளுடைய மகள் மோனிகாவின் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. அந்தத் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் வார்க்க அவளுக்கு உரிமை இல்லை.

பின் அறைக் கதவு திறந்தது. வாடகைக்கு இருக்கும் கிரானா ஐஸ் எடுக்க வந்தாள். பின்னால் மோனிகா. கிரானா இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலிருந்து படிக்க வந்தவள், வயது இருபத்து நான்கு. பழைய உடுப்புக் கடையில் வாங்கிய ரீசேட், இடுப்பில் சுற்றிய, மெழுகுச் சாயமிட்ட பத்திக் துணி, கீழே வெள்ளைச் சப்பாத்து. அவளும் தோழிகளும் சனிக்கிழமைகளில் இப்படியே உடுத்திக்கொண்டு பூங்காவில் ஆடி வீடியோ எடுப்பார்கள். பனைவெல்லம் போட்ட ஐஸ் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் புல்லில் இருந்து கதைப்பார்கள். மோனிகாவுக்கு அவள் செய்வதெல்லாம் வேண்டும். பட்டுச் சேலை வேண்டாம், பத்திக்கும் சப்பாத்தும்தான் என்று மூன்று நாள் அழுதாள். முதலில் கத்திய சத்தியபாமா பிறகு எல்லோருக்கும் போன் செய்து சொன்னார்: "எங்கட வீட்டில இந்தோனேசியன் தீம். கண்டறியாத பட்டுச்சேலை, இப்ப ஆர் பாக்கினம்?"

கிரானா ஆங்கிலத்தில் மோனிகாவிடம் துணியைக் காட்டினாள். "இந்தச் சரிவுக் கோடு இருக்கே, முன்பு அரண்மனைக்காரர் மட்டும்தான் கட்டலாம். மற்றவர்களுக்குத் தடை. நான் இதைக் கட்டிக்கொண்டு டண்டினொங் பஸ்ஸில் போகிறேன்."

சத்தியபாமா சிரித்தார். "நல்லது பிள்ளை. பழசுகளை விடத்தானே வேணும்." சிரிப்பு அப்படியே நிற்க, கண்கள் கிரானாவை அளந்தன. "நாளைக்கு நீயும் ஒரு செம்பு வாக்கிறியோ?"

கலியாணம் கட்டாத பெண் என்றால் குறையில்லை என்று ஐயர் சொல்லியிருந்தார். கிரானா கட்டாதவள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தச் சப்பாத்தும் அந்தச் சிரிப்பும் போதுமாக இருந்தன.

"ஓகே அன்ரி. நிரூபா அக்காவும் வார்ப்பாவா?"

"அவவுக்கு அடுப்படியில வேலை."

மறுநாள் காலை பின்வளவில் கூடாரம் போட்டிருந்தது. நிரூபா குசினி ஜன்னலால் பார்த்தாள். நான்கு பெண்கள் வார்த்தார்கள். ஐந்தாவதாகக் கிரானா செம்பைத் தூக்கியபோது மோனிகா தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். எண்ணெயில் ஒரு வடை கருகியது.

நான்கு மணிக்கு விருந்தாளிகள் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் மேசையைச் சுற்றி இருந்து கேக் சாப்பிட்டார்கள்.

"கிரானாவின்ர கை நல்ல ராசி," என்றார் சத்தியபாமா. "தங்கச்சியின்ர பேத்திக்கும் இவளைத்தான் கூப்பிட வேணும்."

மோனிகா ஆட்டத்தின் வீடியோவைத் தேடிக் கிரானாவின் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் நின்றாள். "ஆர் இது? உங்கட பாய்ஃபிரண்டா?"

"பாயு. என் கணவர்." கிரானா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "மோட்டார் சைக்கிள் விபத்து. போய் இரண்டு வருடம். அவன்தான் எனக்கு ஆடப் பழக்கினவன்."

தேவராஜாவின் கரண்டி தட்டில் நின்றது.

"நீ ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார் சத்தியபாமா.

"நீங்கள் கேட்கவில்லையே, அன்ரி."

"அறையை நாளைக்கே காலி செய். மூதேவி."

கடைசிச் சொல் மட்டும் தமிழ்; அது கிரானாவுக்கு விளங்கவில்லை. அர்த்தம் கேட்பதுபோல் நிரூபாவைப் பார்த்தாள்.

"மோனிகா, எழும்பு. திருப்பித் தலை முழுக வேணும். நாலு பேரையும் கூப்பிடுறன்." சத்தியபாமா கைபேசியில் எண்களைத் தேடினார்.

"அப்பம்மா, ஐ ஆம் ஃபைன். நத்திங் ஹாப்பின்ட்."

"வாயை மூடு!"

நிரூபா எழுந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒருத்தரும் வேண்டாம் மாமி. முழுக வேணுமெண்டு நீங்கள்தானே சொல்லுறியள்."

குளியலறைக்குள் கூட்டிப் போய் உள்ளே பூட்டினாள். அங்கே செம்பு இல்லை. பல் துலக்கும் குவளையில் தண்ணீர் பிடித்தாள். கையை உயர்த்தினாள்.

மோனிகா தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

கதவு அதிர்ந்தது. "திறவடி! அவளைத் தொடாத!"

"அம்மா," மோனிகா தமிழில் கேட்டாள். "நீங்கள் வாத்தா எனக்கு ஏதும் நடக்குமோ?"

நிரூபாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு குவளையை மகளின் முன் நீட்டினாள். முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு நாளும் கேட்பதையே கேட்டாள்.

"சூடு போதுமோ எண்டு பார்."

மோனிகா ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். குனிந்தாள்.

நிரூபா வார்த்தாள். கதவுக்கு வெளியே சத்தியபாமா ஐயருக்குப் போன் எடுத்து அடுத்த நல்ல நாள் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.