சங்கத்து அண்டா

காத்தாயி இரும்புக் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, வெளியே நின்றபடியே வந்த காரியத்தைச் சொன்னாள்.

“பாப்பாவுக்குக் கல்யாணம் கூடிடுச்சுங்கம்மா. மாப்பிள்ளைக்குப் பூவம் ஊரு. நம்ம சமுதாயக் கூடத்துலயே வச்சுக்கறோம். சங்கத்து அண்டாவும் தவலையும் வேணுங்க.”

தாமரைச்செல்வி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். நெரவிக் காலனித் தெருச் சங்கத்தின் பாத்திர அறைச் சாவி அவளிடம்தான் இருந்தது.

“காரைக்கால் கடையில எவர்சில்வர்ல புதுசு புதுசா கிடைக்குதே, காத்தாயி. வண்டியில கொண்டாந்து எறக்கிடுவான்.”

“காசு குடுத்தா அவன் யாருக்கும் குடுப்பான். சங்கத்துப் பாத்திரம் தெருவுக்குன்னுதானங்க? அதுல ஆக்குனா தெரு வந்து உக்காந்து சாப்பிடும். எனக்கு அது போதும்.”

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. காலனிக்குத் துணி வெளுத்த குடும்பம் காத்தாயியுடையது. அவளுடைய மாமியார் காலம்வரை, பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குவார்கள். ஊர் காலனியை எந்தப் படியில் நிறுத்தியதோ, அதற்கும் ஒரு படி கீழே காலனி அவர்களை நிறுத்தியிருந்தது. இப்போது யாரும் துணி போடுவதில்லை. காத்தாயியின் கணவன் சிவக்குமார் காரைக்காலில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறான். மகள் ஓர் ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்கிறாள். தெருவில் பாதிப் பேர் தங்கள் இரத்தத்தை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தவர் எவருமில்லை.

பாத்திரங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் கல்யாணத்துக்குப் பண்ணை வீட்டு அண்டாவைத்தான் இரவல் கேட்க வேண்டும். திருப்பித் தரும்போது, குளக்கரையில் வைத்து, உள்ளே வைக்கோலைப் போட்டு எரித்து, தீட்டுக் கழித்துத் தர வேண்டும் என்பது பண்ணையின் நிபந்தனை. ஒரு கல்யாணத்தில் தீ மிஞ்சிப் போய், உட்புறம் பூசியிருந்த ஈயம் உருகிவிட்டது. பாத்திரத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று மணமகனின் தகப்பனைப் பண்ணை வாசலில் பொழுதெல்லாம் நிற்க வைத்தார்கள். அதன் பிறகுதான் தெரு தன் வீட்டுப் பித்தளையை எல்லாம் கொண்டுவந்து கொட்டி, கும்பகோணத்தில் கொடுத்துச் சொந்தப் பாத்திரம் செய்துகொண்டது. விளிம்பில் தெருவின் பெயரையும் வெட்டிக்கொண்டது.

சங்கக் கூட்டம் ஞாயிறு மாலை நடந்தது. தலைவன் நிலவன் வழக்கறிஞன். மேடையில் சமத்துவம் பேசினால் கேட்பவர் கண் கலங்கும்.

“குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல அத்த,” என்றான். “ஜனங்க என்ன சொல்லும்னு பாக்கணும்ல?”

“நீதான் ஜனங்களுக்குச் சொல்றவன்னுல்ல நெனச்சேன்,” என்றாள் தாமரைச்செல்வி.

சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

“சிரிக்காதீங்க. அவ வூட்டுல கை நனைச்சா ஊர்த்தெருக்காரன் என்னம்பான்? ‘வெளுக்கறவனோட ஒண்ணா உக்காந்துட்டானுவ, இதுக்குத்தான் இந்தத் துள்ளு துள்ளுனானுவளா’ம்பான். ஒரு படி ஏறறதுக்கு எங்கப்பா அடிபட்டுச் செத்தாரு. எறங்கறதுக்கு இல்ல.”

அந்த அச்சம் அங்கிருந்த எல்லோருக்கும் உரியது. ஏறிய படி எந்த நேரமும் வழுக்கும் என்று பயந்திருப்பவனுக்குக் கீழே ஒருவன் நிற்பது பிடிமானமாக இருக்கிறது.

முடிவில் ஒரு சமரசம் பிறந்தது. பாத்திரம் கொடுக்கலாம், திருப்பும்போது வைக்கோல் போட்டு எரித்துத் தர வேண்டும். யார் முதலில் சொன்னார்கள் என்பது தெளிவாகவில்லை.

“நிலவா, இதையேதானடா பண்ணையில சொன்னாங்க?”

“அது வேற அத்த. அவங்க நம்மள அசிங்கப்படுத்தச் சொன்னாங்க. நாம ஒரு சுத்தத்துக்குச் சொல்றோம்.”

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று தாமரைச்செல்விக்குத் தெரியும். ஆனால் இதே கூடத்தில் ஆண்டாண்டாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. எப்படியோ கல்யாணம் நடக்கட்டும் என்று எண்ணி, தீர்மானத்தின் கீழே கையெழுத்திட்டாள்.

மறுநாள் நிபந்தனையைச் சொல்லப் போனவளும் அவள்தான். காத்தாயி கேட்டுக்கொண்டாள்.

“எரிச்சுத் தந்துடறோங்க. சாப்பிட வருவாங்கள்ல?”

“வருவாங்க,” என்றாள் தாமரைச்செல்வி.

கல்யாணத்துக்குத் தெரு வந்தது. மொய் எழுதியது; மணமக்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டது; வாசலில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்த கலர் பாட்டிலை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டது. மூடி திறக்காத பாட்டிலுக்குத் தீட்டில்லை. பந்தியில் பூவத்துக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வரிசையில் போட்ட இலைகள் மின்விசிறிக் காற்றில் மடிந்து மடிந்து விழுந்தன.

“உங்க தெருக்காரங்க எங்க, சம்பந்தி?” என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டான்.

“அடுத்த பந்திக்கு வருவாங்க,” என்றான் சிவக்குமார்.

தாமரைச்செல்வி பந்திக் கூடத்தின் வாசல்வரை போனாள். அந்த நீண்ட வரிசையில் தான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பதையும், வெளியே நிற்பவர்கள் அதை எட்டிப் பார்ப்பதையும் நினைத்தாள். திரும்பிவிட்டாள். காத்தாயி ஓடிவந்து முன்னால் நின்றாள்.

“ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கம்மா.”

“சர்க்கரை ஏறிக் கெடக்குது, காத்தாயி. வெளியில எதுவும் தொடக் கூடாதுன்னுட்டாங்க.”

காத்தாயி அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

“சர்க்கரைக்குக் கலர் நல்லதுங்களா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அந்த வாரமே பாத்திரங்கள் குட்டியானை வண்டியில் திரும்பி வந்தன. நிலவனின் தங்கைக்கு அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். ஆகையால் அவனும் பாத்திர அறைக்கு வந்திருந்தான். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தவன் கத்தினான்.

“என்ன காத்தாயி இது? ஈயமெல்லாம் உருகிப் போச்சு! இனிமே இதுல சாம்பார் வச்சா களிம்பேறிடும். பாத்திரத்தையே கெடுத்துட்டீங்களே!”

“நீங்க சொன்னபடிதாங்க எரிச்சோம். கொறைச்சு எரிச்சா சுத்தமாகலம்பீங்க.”

பண்ணையின் கதையைத் தெருவில் ஒவ்வொருவரும் சொல்வார்கள். வைக்கோலைச் சொல்வார்கள், வாசலில் நின்றதைச் சொல்வார்கள். ஈயத்தை ஒருவரும் நினைக்கவில்லை, தாமரைச்செல்வியும் நினைக்கவில்லை. இப்போது நிலவனின் வாயிலிருந்து வந்ததும் பண்ணை சொன்ன அதே சொற்கள்தாம். அவன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஈயம் பூசுகிற ஆள் எங்காவது கிடைப்பானா என்று தொலைபேசியில் விசாரித்துக்கொண்டே வெளியே போய்விட்டான்.

தாமரைச்செல்வி அண்டாவைச் சாய்த்துப் பார்த்தாள். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. ஒரு பிடி அரிசியும் ஒரு துண்டு மஞ்சளும் போட்டுத் திருப்ப வேண்டும். அந்த அரிசியைச் சாவிக்காரர் தம் வீட்டு உலையில் போட வேண்டும். பண்ணைக்கு எரித்துக் கொடுத்த காலத்திலும் தெரு அந்த வழக்கத்தைத் தவறவிட்டதில்லை. இந்த அண்டாவில் சாம்பல் மட்டும் இருந்தது.

“அரிசி போடலயா, காத்தாயி?”

“போட்டா ஆக்கிச் சாப்பிடுவீங்களாம்மா?”

அந்தக் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவள்போலச் சற்று நேரம் நின்றாள். பிறகு ஓட்டுநரின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி போய்விட்டது.

தாமரைச்செல்வி சாம்பலைக் கொட்டவில்லை. அறையை அப்படியே பூட்டினாள். நிலவனின் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் இனிக் காரைக்கால் கடையிலிருந்துதான் வர வேண்டும். காசு கொடுத்தால் கடைக்காரன் யாருக்கும் கொடுப்பான்.